ஓர் இல்லத்தின் தரத்தை எங்கே பார்ப்பது?



இவ்வுரையின் பொருள், அறிவுசார் குறைபாடுடையோர் தங்கி வாழும் இல்லங்களின் தரம். அறிவுசார் குறைபாடு என்பது, பிறவியிலோ வளரும் பருவத்திலோ தோன்றி, புதியனவற்றைக் கற்பதிலும், பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வதிலும், அன்றாடக் காரியங்களைத் துணையின்றிச் செய்துகொள்வதிலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும் இடர்ப்பாட்டைக் குறிக்கும். மனநோய் வேறு, இது வேறு. மனநோய்க்கு மருத்துவம் உண்டு. அறிவுசார் குறைபாடோ நோயன்று, ஒருவர் உலகில் இருக்கும் விதம். இந்த வேறுபாட்டை மறந்து, இவர்களை நோயாளிகளாக எண்ணி, நோயாளிகளுக்குரிய கட்டடங்களில் ஆயிரக்கணக்கில் அடைத்துவைத்ததால் விளைந்த கேடுகளும், அவற்றிலிருந்து மீள நடந்த முயற்சிகளும் இங்கே பேசப்படும்.

தாயும் தந்தையும் கண்மூடிய பிறகு இந்தப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்? இந்த ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு உறங்காத பெற்றோர் எல்லா நாட்டிலும் உண்டு. இந்தியாவில் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அந்தக் கேள்விக்கு விடையாகவே பிறந்தது. உடன்பிறந்தார் பார்த்துக்கொள்வார் என்பது ஒரு விடை. நல்லதோர் இல்லம் பார்த்துக்கொள்ளும் என்பது மற்றொரு விடை. நல்லதோர் இல்லம் என்கிறோமே, எது நல்ல இல்லம்? வெள்ளையடித்த சுவரா? நூறு பேருக்கு ஐம்பது பணியாளர் என்ற கணக்கா? வரிசையாக அடுக்கிய பதிவேடுகளா? வாங்கும் கட்டணமா? தரம் என்று சொல்லப்படும் அந்தப் பொருள் எங்கே இருக்கிறது, அதை எங்கே போய்ப் பார்ப்பது?

விடை தேடி இவ்வுரை பிரிட்டனுக்குச் செல்கிறது. அந்நாட்டை முன்மாதிரியாகக் கொள்ளச் சொல்வது நோக்கமன்று. தன் இல்லங்களில் நடந்த கொடுமையையும், அதைத் திருத்த எடுத்த முயற்சியையும், அந்த முயற்சி தோற்ற இடங்களையும் அரை நூற்றாண்டுக்கு மேலாக அறிக்கைகளாக அச்சிட்டு, யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று வைத்திருக்கும் நாடு அது. பிறர் பட்டு எழுதிவைத்ததை, படாமலே படித்துக்கொள்ள ஒரு வாய்ப்பு.

வேல்ஸ் நாட்டின் தலைநகரான கார்டிஃபில் ஈலி என்ற பகுதியில் ஒரு மருத்துவமனை இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளியாகக் கட்டப்பட்ட அந்தக் கட்டடத்தில், 1960களில் அறிவுசார் குறைபாடுடையோர் நூற்றுக்கணக்கில் வாழ்ந்தனர். வாழ்ந்தனர் என்பதைவிட, வைக்கப்பட்டிருந்தனர் என்பதே பொருந்தும். 1967 ஆகஸ்டில், அங்கே பணிபுரிந்த உதவியாளர் ஒருவர் சொன்ன செய்திகளை 'நியூஸ் ஆஃப் த வேர்ல்ட்' என்ற ஞாயிற்றுக்கிழமை ஏடு வெளியிட்டது: உள்ளிருப்போர் அடிக்கப்படுகிறார்கள், அவர்களுக்கு வந்த உணவும் உடையும் திருடப்படுகின்றன, முறையிட்டால் மேலிருப்பவர்கள் காதில் வாங்குவதில்லை. அதையொட்டி அமைந்த விசாரணைக் குழுவுக்கு ஜெஃப்ரி ஹோவ் என்ற வழக்கறிஞர் தலைவரானார். பிற்காலத்தில் நிதியமைச்சராகவும் வெளியுறவு அமைச்சராகவும் உயர்ந்தவர் அவர். குற்றச்சாட்டுகளில் பெரும்பகுதி உண்மை என்று கண்ட அவர், அத்தோடு நிறுத்தாமல், எப்படி இது இத்தனை காலம் நடந்தது என்றும் விரிவாக எழுதினார்.

அறிக்கையைச் சுருக்கி வெளியிட்டால் போதும் என்ற எண்ணம் அரசுக்குள் இருந்தது. சமூக சேவைகள் துறை அமைச்சராக இருந்த ரிச்சர்ட் கிராஸ்மன் அதை ஏற்காமல், 1969 மார்ச்சில் முழு அறிக்கையையும் மக்கள் முன் வைத்தார். தன் துறைக்குத் தலைகுனிவு என்று தெரிந்தும் ஓர் அமைச்சர் செய்த இந்தச் செயலை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஏனெனில் அந்த வெளியீட்டின் தொடர்ச்சியாகவே நெடுங்கால மருத்துவமனைகளைச் சென்று பார்க்க ஓர் அமைப்பு ஏற்பட்டது. 1971இல் அரசின் வெள்ளை அறிக்கை, மருத்துவமனைகளில் இருப்போர் எண்ணிக்கையை இருபது ஆண்டுகளில் பாதியாகக் குறைப்பது என்ற இலக்கை அறிவித்தது.

ஹோவ் அறிக்கையின் உயிரான பகுதி எது? அடித்தவர்கள் எல்லோரும் பிறவிக் கொடியவர்கள் என்று அது சொல்லவில்லை. வெளியுலகோடு தொடர்பற்ற ஒரு நிறுவனம், புதிய பயிற்சி எதுவும் எட்டிப்பாராத பணியாளர்கள், நெரிசலான கூடங்கள், பத்து ஆண்டுகளுக்கு முன் செய்ததையே இன்றும் செய்யும் வழக்கம், இவை சேர்ந்த இடத்தில் சாதாரண மனிதரும் கொடுமையைக் கொடுமை என்று உணராமலே செய்யத் தொடங்குவார் என்பதையே அது காட்டியது. தீயவர் சிலரை வெளியேற்றினால் இல்லம் திருந்திவிடும் என்ற நம்பிக்கை அன்றே உடைந்திருக்க வேண்டும். உடையவில்லை என்பது பின்னர் வரும் செய்தி.

ஈலிக்கு ஏறத்தாழ பத்தாண்டு முன்னரே, லண்டனில் ஜாக் டிஸார்ட் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்திருந்தார். டூட்டிங் பகுதியில் ஃபவுன்டன் என்ற மருத்துவமனை. தொற்றுக்காய்ச்சல் நோயாளிகளுக்காகக் கட்டப்பட்டுப் பின்னர் அறிவுசார் குறைபாடுடைய பிள்ளைகளுக்கானது. அங்கிருந்து 16 பிள்ளைகளை 1958இல் அவர் சர்ரே மாவட்டத்தில் புரூக்லண்ட்ஸ் என்ற பெரிய வீட்டுக்குக் குடிமாற்றினார். அவர்களை ஒத்த வேறு 16 பிள்ளைகள் மருத்துவமனையிலேயே இருந்தனர். புரூக்லண்ட்ஸில் மருந்து புதிதில்லை, மருத்துவர் புதிதில்லை. ஒரு நல்ல மழலையர் பள்ளியில் நடப்பதே அங்கும் நடந்தது: சிறு குழுக்கள், ஒவ்வொரு குழுவுக்கும் அதே முகங்கள், விளையாட மணலும் தண்ணீரும், அழுதால் தூக்கிக்கொள்ள ஒரு மடி, கேட்டால் பதில் சொல்ல ஒரு வாய். இரண்டு ஆண்டு சென்றபின் அளந்து பார்த்தார்கள். மொழித்திறனில் புரூக்லண்ட்ஸ் பிள்ளைகள் சராசரியாக 14 மாத வளர்ச்சி கண்டிருந்தனர். மருத்துவமனையில் இருந்தவர்கள் 6 மாதம்.

இவர்களுக்கு எதைச் செய்தும் பயனில்லை என்று சொல்லிச் சொல்லியே ஒன்றும் செய்யாமல் விட்ட உலகத்துக்கு, இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுமா? அந்தப் பிள்ளைகளின் குறைபாடு என்று எண்ணப்பட்டதில் ஒரு பங்கு, அவர்கள் வாழ்ந்த கூடத்தின் குறைபாடு. இந்தச் சோதனையைப் படிப்பவர் நெஞ்சில், ஒப்பீட்டுக்காக மருத்துவமனையிலேயே விடப்பட்ட மற்ற 16 பிள்ளைகளின் நினைவும் முள்ளாகத் தைக்கும். அறிவியல் அவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறது.

டிஸார்ட் அத்துடன் அமையவில்லை. ராய் கிங், நோர்மா ரெய்ன்ஸ் ஆகிய இருவருடன் சேர்ந்து, பிள்ளைகள் தங்கும் பலவகை இடங்களுக்குச் சென்று, காலை எழுவது முதல் இரவு படுப்பது வரை என்ன நடக்கிறது என்று பார்த்து, 1971இல் ஒரு நூலாக வெளியிட்டார். அவர்கள் தரத்தை அளந்த விதம்தான் இவ்வுரைக்கு மிகவும் வேண்டியது. கட்டடத்தை அளக்கவில்லை, கூடத்தில் நடந்ததை நான்கு கண்கொண்டு பார்த்தார்கள்.

முதலாவது, நடைமுறையின் இறுக்கம். விடுமுறை நாளிலும் அதே நேரத்துக்கு எழுப்புகிறார்களா, படுக்கும் நேரம் எல்லோருக்கும் ஒன்றா, விருந்தினர் வர ஒரு கிழமைதானா என்று பார்ப்பது. இரண்டாவது, மொத்தமாக நடத்துவது. இருபது பிள்ளைகளை ஆடை களைந்து வரிசையில் நிறுத்தி, ஒருவர் சோப்புப் போட, ஒருவர் தண்ணீர் ஊற்ற, ஒருவர் துவட்ட, கடைசிப் பிள்ளை முடியும்வரை முதற்பிள்ளை குளிரில் காத்திருந்தால், அது மொத்தமாக நடத்துவது. ஒருவர் குளித்து முடித்து உடுத்திக்கொண்ட பிறகே அடுத்தவர் வந்தால், அது வீடு. மூன்றாவது, ஆளை ஆளாக இல்லாமல் ஆக்குவது. சலவைக்குப் போய்வந்த துணிக் குவியலிலிருந்து அன்று எது அளவாக இருக்கிறதோ அதை மாட்டிவிடுவது. சொந்தப் பல்துலக்கி இல்லை, சொந்தப் பொம்மை இல்லை, தன் பொருளை வைத்துக்கொள்ள ஒரு பெட்டி இல்லை, பிறந்தநாள் யாருக்கும் தெரியாது. நான்காவது, இடைவெளி. பணியாளர் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாரா, அல்லது கதவருகே நின்று காவல் பார்க்கிறாரா? தொலைக்காட்சியை அவர்களோடு சேர்ந்து பார்க்கிறாரா, பணியாளர் அறைக்குள் போய்விடுகிறாரா?

இந்த நான்கு கேள்விகளும் எளியவை. படிப்பறிவில்லாத ஒரு தாயும் கேட்கக்கூடியவை. ஐம்பது ஆண்டு கடந்தும் இவற்றைவிடக் கூர்மையான கேள்விகளை எந்த ஆய்வுத்தாளும் தரவில்லை என்று துணிந்து சொல்லலாம்.

அவர்கள் கண்ட முடிவுகளில் ஒன்று அன்று பலருக்கும் வியப்பளித்தது. பிள்ளையை மையமாகக் கொண்ட நல்ல நடைமுறைக்குக் காரணம், கட்டடத்தின் பருமனோ பிள்ளைகளின் குறைபாட்டின் கடுமையோ அல்ல. அந்தப் பிரிவின் பொறுப்பாளர் எங்கே நிற்கிறார் என்பதுதான் பெருங்காரணம். தம் வீட்டுக்கான முடிவுகளைத் தாமே எடுக்கும் உரிமை பெற்ற பொறுப்பாளர், பிள்ளைகளோடு பேசுவதிலும் பழகுவதிலும் நேரம் செலவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே செய்தனர். மேலிடத்தின் ஒப்புதலுக்காகப் படிவம் எழுதியே பொழுதைக் கழித்த பொறுப்பாளரின் பிரிவில், பணியாளர்களும் பிள்ளைகளை விட்டு விலகியே நின்றனர்.

இதே காலத்தில் ஸ்வீடனில் பெங்க்ட் நிரியே என்பவர் இயல்பு வாழ்க்கைக் கோட்பாடு ஒன்றை வகுத்தார். குறைபாடு எவ்வளவு கடுமையாக இருந்தாலும், ஊரார் வாழும் வாழ்க்கையின் ஒழுங்கு இவர்களுக்கும் உரியது என்பது அதன் சாரம். நாளுக்கு ஓர் ஒழுங்கு: காலையில் எழுந்து உடுத்தி, பகலில் வீட்டைவிட்டு வேறோர் இடத்துக்குச் சென்று, மாலையில் திரும்புவது. பணியாளர் போதவில்லை என்பதற்காக வளர்ந்த ஒருவரை வெளிச்சம் மங்குமுன் படுக்கவைக்கக் கூடாது. வாரத்துக்கு ஓர் ஒழுங்கு, ஆண்டுக்கு ஓர் ஒழுங்கு: பண்டிகை, விடுமுறை, ஊர்ப்பயணம். இவ்வளவுதானா என்று தோன்றலாம். இவ்வளவும் மறுக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையை நினைத்தால் அப்படித் தோன்றாது.

பெரிய மருத்துவமனைகள் மூடப்படலாயின. கென்ட் மாவட்டத்தில் 1878 முதல் இயங்கிவந்த டேரன்த் பார்க் 1988இல் மூடப்பட்டது. ஈலியின் கதவு 1990களில் சாத்தப்பட்டது. உள்ளிருந்தவர்கள் சாதாரணத் தெருக்களில், சாதாரண வீடுகளில், நான்கு பேர், ஆறு பேர் என்று குடியேறினர். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியவர்கள் பலர். சரியாயிற்றா?

பாதி சரியாயிற்று. ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் ஆண்டோவர் என்ற ஊரில், 1980களின் தொடக்கத்தில், கடுமையான குறைபாடுடையோருக்காகச் சிறு வீடுகள் அமைத்து, அங்கே நடப்பதை ஜிம் மான்செல், டேவிட் ஃபெல்ஸ் முதலியோர் நுணுகி ஆராய்ந்தனர். ஆராய்ந்த முறை இதுதான்: ஆய்வாளர் ஒருவர் அறையின் மூலையில் யாருக்கும் இடையூறின்றி அமர்ந்து, குறித்த இடைவெளியில் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார், அந்தக் கணத்தில் அங்கே வாழ்பவர் ஏதேனும் செய்துகொண்டிருக்கிறாரா, சும்மா அமர்ந்திருக்கிறாரா, பணியாளர் அவருக்கு உதவுகிறாரா, தம் வேலையைப் பார்க்கிறாரா என்று குறித்துக்கொள்வார். மணிக்கணக்கில், நாள்கணக்கில் இப்படிக் குறித்துப் பார்த்தபோது, பழைய கூடங்களில் ஒரு மணி நேரத்தில் சில நிமிடங்கள் மட்டுமே யாரோ ஒருவர் இவர்களை நோக்கிப் பேசியது தெரியவந்தது. நன்கு நடத்தப்பட்ட சிறு வீடுகளில் நிலைமை தேறியிருந்தது.

ஆனால் எல்லாச் சிறு வீடுகளிலும் தேறவில்லை. அழகான வரவேற்பறை, மெத்தென்ற நாற்காலி, ஜன்னலில் பூந்தொட்டி. நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்குச் சமையலும் ஆகிவிடுகிறது, துணியும் துவைக்கப்படுகிறது, வீடும் பெருக்கப்படுகிறது, அவர் மட்டும் காலைமுதல் மாலைவரை அமர்ந்தே இருக்கிறார். விடுதியில் தங்கிய விருந்தாளி போல ஒரு வாழ்க்கை, ஒரு நாளன்று, நாற்பது ஆண்டு. கொடுமை எதுவும் இல்லை, வாழ்க்கையும் இல்லை.

இந்த வெறுமைக்கு மாற்றாக வளர்ந்த பணிமுறைக்குச் செயலூக்க ஆதரவு என்று பெயர் சொல்லலாம். அதன் பொருள், அவருக்காகச் செய்யாமல் அவரோடு சேர்ந்து செய்வது. பேச்சு வராத, கை நடுங்கும் ஒரு பெண்மணியும் பணியாளரும் தேநீர் போடுவதை எடுத்துக்கொள்ளலாம். பணியாளர் தாமே போட்டால் மூன்று நிமிடத்தில் முடியும். செயலூக்க ஆதரவில் அவர் கோப்பை இரண்டை மேசைமேல் வைத்து, தேயிலைப் பொட்டல டப்பாவை அந்தப் பெண்மணியின் பக்கம் நகர்த்திவிட்டுப் பொறுத்திருக்கிறார். பெண்மணி டப்பாவைப் பார்க்கிறார், கை போகவில்லை. பணியாளர் விரலால் சுட்டுகிறார். கை போகிறது, ஒரு பொட்டலத்தை எடுக்கிறது, கோப்பைக்குள் போடுகிறது. கொதிநீரைப் பணியாளர் ஊற்றுகிறார், அது ஆபத்து. பாலை இருவரும் சேர்ந்து ஊற்றுகிறார்கள், பெண்மணியின் கை ஜாடிமேல், பணியாளரின் கை அந்தக் கைமேல். கொஞ்சம் சிந்துகிறது. துடைக்கும் துணியையும் அந்தப் பெண்மணியிடமே நீட்டுகிறார். பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு மனிதர் தம் வீட்டில் தமக்கும் இன்னொருவருக்கும் தேநீர் போட்டிருக்கிறார்.

எவ்வளவு உதவி வேண்டுமோ அவ்வளவு, அதற்கு மேல் ஒரு துளியும் இல்லை. சொன்னால் போதுமெனில் சுட்ட வேண்டாம், சுட்டினால் போதுமெனில் கைபிடிக்க வேண்டாம். ஒரேயடியாக ஒரு மணி நேரம் வேண்டாம்; சிறிது சிறிதாக, அடிக்கடி. இதற்குத் தனி இயந்திரம் வேண்டுமா, தனிக் கட்டடம் வேண்டுமா? காய் நறுக்குவதும், துணி உலர்த்துவதும், கதவு திறந்து தபால்காரரிடம் கடிதம் வாங்குவதும் எந்த வீட்டில் இல்லை?

பணியாளரைக் கூட்டினால் இது தானே நடந்துவிடும் என்று எண்ணுவது இயல்பு. போதிய ஆள் இன்றி ஒன்றும் நடக்காது என்பதும் மெய். ஆயினும் ஆள் எண்ணிக்கை மட்டும் கூடிய இடங்களில், பணியாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது கூடியதே தவிர, வாழ்பவரோடு பேசுவது அதே அளவில் கூடவில்லை என்று ஆய்வுகள் காட்டின. ஒருநாள் வகுப்பறைப் பயிற்சியும் போதவில்லை. உதவும் கலையை, உதவிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்து, நன்றாகச் செய்ததைச் சொல்லி, தவறியதைச் செய்துகாட்டித் திருத்த ஒருவர் வேண்டியிருந்தது. கிங்கும் ரெய்ன்ஸும் டிஸார்டும் 1971இல் கண்ட அதே பொறுப்பாளர்தான் அவர். அலுவலக அறையில் அமர்ந்தவரால் அது ஆகாது.

இத்தனையும் அறிந்த நாட்டில், அடுத்து நடந்தது என்ன?

பிரிஸ்டல் நகரருகே ஹாம்ப்ரூக்கில் வின்டர்போர்ன் வியூ என்று ஒரு தனியார் மருத்துவமனை, 24 படுக்கைகளுடன் 2006 டிசம்பரில் திறக்கப்பட்டது. அறிவுசார் குறைபாடும் அதோடு கடினமான நடத்தையும் உடையோரை மதிப்பிட்டுச் சிகிச்சை தருவதே அதன் பணி என்று சொல்லப்பட்டது. ஒருவருக்கு வாரக் கட்டணம் சராசரியாக 3,500 பவுண்டு, அரசே செலுத்தியது. 2010இல் அங்கிருந்த மூத்த செவிலியர் ஒருவர் உள்ளே நடப்பதை நிர்வாகத்துக்கு எழுதினார், அரசின் கண்காணிப்பு ஆணையத்துக்கும் சொன்னார். அசைவில்லை. பிறகு அவர் பிபிசியின் 'பனோரமா' நிகழ்ச்சியை நாடினார். செய்தியாளர் ஒருவர் பணியாளராகச் சேர்ந்து, மறைத்துவைத்த ஒளிப்படக் கருவியோடு ஐந்து வாரம் வேலைபார்த்தார். 2011 மே 31 அன்று நாடே அந்தக் காட்சிகளைப் பார்த்தது: தரையில் கிடத்தி நாற்காலியால் அழுத்தப்பட்டவர்கள், உடையோடு குளிர்நீரில் நனைக்கப்பட்டவர்கள், அறையப்பட்டவர்கள். பணியாளர் 11 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாகி, 2012 அக்டோபரில் ஆறு பேர் சிறைசென்றனர்.

மார்கரெட் ஃப்ளின் தலைமையில் எழுதப்பட்ட ஆய்வறிக்கையைப் படிப்பவரை அடியும் உதையும் உலுக்குவது இயல்பு. அதைவிட ஆழமாக உலுக்க வேண்டியவை சாதாரணச் செய்திகள். அங்கே செய்வதற்கு ஒன்றுமே இல்லை. நாள் முழுதும் ஒரு கூடம், ஒரு தொலைக்காட்சி, பன்னிரண்டு மணி நேர வேலைமுறையில் களைத்த, பயிற்சி குன்றிய இளைஞர்கள். சலிப்பு இருபக்கமும் புளித்து, ஒருபக்கம் கூச்சலாகவும் மறுபக்கம் அடியாகவும் வெளிப்பட்டது. உள்ளவர்களில் பலர் சொந்த ஊரிலிருந்து வெகுதூரத்தில் இருந்தனர். பார்க்கவந்த பெற்றோர் படுக்கையறைகளுக்கும் கூடங்களுக்கும் விடப்படவில்லை. பார்வையாளர் அறையோடு நிறுத்தப்பட்டனர். 2008 முதல் 2011 மே வரை உள்ளாட்சி மன்றத்துக்குப் பாதுகாப்பு எச்சரிக்கைகள் 40 போயிருந்தன. காவல்துறைக்கு 29 முறை தகவல் போயிருந்தது. ஒவ்வொன்றும் தனித்தனிக் கோப்பில் கிடந்தது. நாற்பதையும் ஒரே மேசையில் விரித்துப் பார்க்க ஒருவர் இல்லை.

இவ்வாறு மருத்துவமனைகளில் தேவையின்றி இருப்போர் அனைவரும் 2014 ஜூன் முதல் நாளுக்குள் ஊருக்குத் திரும்புவர் என்று அரசு உறுதி சொன்னது. அந்த நாள் வந்தது, போனது. பிறகு 2019 என்றார்கள், பிறகு 2024 என்றார்கள். 2024இலும் இங்கிலாந்தில் ஏறத்தாழ 2,000 பேர் அத்தகைய மருத்துவமனைகளில் இருந்தனர். ஏன்? மருத்துவமனைச் செலவு தேசிய நலவாழ்வுத் துறையின் கணக்கு, ஊரில் வீடமைத்து ஆள்வைக்கும் செலவு பெரும்பாலும் உள்ளாட்சி மன்றத்தின் கணக்கு. ஒரு மனிதர் ஊர் திரும்பினால் ஒரு கருவூலம் மகிழும், மற்றொன்று வருந்தும். இந்தக் கணக்குப் பிணக்கில் ஆண்டுகள் கழிந்தன. கழிந்தவை அதிகாரிகளின் ஆண்டுகள் அல்ல, உள்ளே இருந்தவர்களின் ஆண்டுகள்.

2019 மே மாதம் மீண்டும் ஒரு 'பனோரமா'. இம்முறை டர்ஹம் மாவட்டத்தின் வார்ல்டன் ஹால். அதே வகை இடம், அதே வகைக் கொடுமை, அதே மறைகருவி. அந்த இடத்துக்குக் கண்காணிப்பு ஆணையம் தந்திருந்த தரச்சான்று 'நன்று'. இங்கே ஒரு கணம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆய்வாளர்கள் வந்தார்கள், பதிவேடு பார்த்தார்கள், பணியாளரிடம் பேசினார்கள், 'நன்று' என்று எழுதினார்கள். பேச இயலாதவர் ஒருவரின் வாழ்க்கையைப் பதிவேட்டில் படிக்க முடியுமா? அடித்த பணியாளர் தாம் அடித்ததைத் தாமே பதிவேட்டில் எழுதுவாரா? மூலையில் அமர்ந்து, நேரம் எடுத்துக்கொண்டு, நடப்பதைப் பார்க்கும் முறையை மான்செலும் நண்பர்களும் கையில் கொடுத்து முப்பது ஆண்டு கடந்திருந்தன. அதைப் போதிய அளவில் கையாளாமல், தாளை நம்பியதன் விளைவே அந்த 'நன்று'.

தாள் மறைக்கும் இன்னொரு பகுதி, உடல்நலம். பேச்சு வராத ஒருவர் தம் கன்னத்தில் தாமே அறைந்துகொள்கிறார். பதிவேட்டில் 'நடத்தைக் கோளாறு' என்று எழுதப்படுகிறது, மாத்திரை கூடுகிறது. வாயைத் திறந்து பார்த்தால் சொத்தைப் பல். எந்த அறிகுறி தென்பட்டாலும் அதைக் குறைபாட்டின் கணக்கிலேயே எழுதிவிட்டு, உண்மையான நோயைக் காணத் தவறுவதற்கு மருத்துவ நூலார் தனிப்பெயரே இட்டிருக்கிறார்கள். குறைபாட்டின் நிழல் நோயை மறைத்தல் என்பது அதன் கருத்து. இங்கிலாந்தில் ஏற்ற மனநோய் எதுவும் இல்லாமலே மனநோய்க்கான மருந்து உண்டுவரும் அறிவுசார் குறைபாடுடையோர் 30,000 முதல் 35,000 பேர் வரை இருக்கலாம் என்று 2015இல் அரசின் பொதுநலவாழ்வு அமைப்பு மதிப்பிட்டது. அதன்பின் 2016இல் மருந்தைக் குறைக்கும் இயக்கம் ஒன்றை நலவாழ்வுத் துறையே தொடங்கியது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் 2013ஆம் ஆண்டு விசாரணை, இவர்களில் ஆண்கள் பிற ஆண்களைவிடச் சராசரியாக 13 ஆண்டும், பெண்கள் பிற பெண்களைவிட 20 ஆண்டும் முன்னதாக இறப்பதைக் கண்டது. மலச்சிக்கல் முற்றி இறந்தவர்கள் உண்டு. மலச்சிக்கல்! ஒருவர் நான்கு நாளாகக் கழிப்பறை செல்லவில்லை என்பதைக் கவனிக்க எந்த மருத்துவப் பட்டமும் வேண்டாம். அவரை நாள்தோறும் அறிந்த ஒருவர் வேண்டும்.

நாள்தோறும் அறிந்த ஒருவர். அவர் எங்கே? அவருடைய ஊதியம் கடையில் பொருள் அடுக்குபவரின் ஊதியத்தை ஒட்டியே இருக்கிறது. இங்கிலாந்தின் சமூகப் பராமரிப்புத் துறையில் 2018-19இல் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் வேலையை விட்டுச் சென்றனர். தேநீர்க் கோப்பையை எந்தப் பக்கம் வைத்தால் அந்தப் பெண்மணியின் கை போகும் என்பதை ஒருவர் கற்க மூன்று மாதம் ஆகிறது. கற்றவர் ஆறாம் மாதம் போய்விட்டால், அந்தக் கல்வி அவரோடே போய்விடுகிறது, அந்தக் கையும் மறுபடி மடியில் அடங்கிவிடுகிறது. ஊதியத்தைப் பற்றிப் பேசாமல் தரத்தைப் பற்றிப் பேசுவது, பேசாமல் இருப்பதைவிடத் தீங்கானது. பொறுப்பு முழுவதையும் குறைந்த கூலிக்கு உழைப்பவரின் அன்பின்மேல் சுமத்திவிடுகிறது.

இந்த அவையில் உள்ள, இத்தகைய பிள்ளைகளை ஆளாக்கிவரும் பெற்றோர் பலர் விரைவிலோ தாமதித்தோ ஓர் இல்லத்தைப் பார்க்கப் போவார்கள். நிர்வாகி குறித்துத் தரும் காலை பதினொரு மணிக்குப் போனால், பெருக்கிய தரையும் புன்னகையும் கிடைக்கும். மாலை நான்கிலிருந்து ஆறுவரை போவது நல்லது. பகல்நேர நடவடிக்கை முடிந்து, இரவுச் சமையல் தொடங்கும் அந்த இடைப்பொழுதில்தான் ஓர் இல்லம் தன் இயல்பில் இருக்கும். அலுவலகத்தில் அமராமல் சமையற்கட்டுப் பக்கம் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி, ஒரு மணி நேரமாவது பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கே வாழ்பவர்களில் எத்தனை பேர் கையில் ஏதேனும் ஒரு வேலை இருக்கிறது, எத்தனை பேர் சுவரைப் பார்த்தபடி இருக்கிறார்கள்? ஒருவரைக் கடந்து செல்லும் பணியாளர் அவர் பெயரைச் சொல்கிறாரா? பொறுப்பாளர் அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை கண்ணில் பட்டார்? பிறகு ஏதேனும் ஒரு பணியாளரிடம், இங்கே வாழும் ஒருவரைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். நோயின் பெயரையும் மாத்திரைப் பட்டியலையும் சொல்லி நிறுத்தினால் அது ஒரு விடை. அவருக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும், வலித்தால் எப்படிக் காட்டுவார், சென்ற மாதம் புதிதாக எதைச் செய்யக் கற்றார் என்று சொன்னால் அது மற்றொரு விடை.

கடைசியாக, பிள்ளை உறங்கப்போகும் அறையையும் குளிக்கப்போகும் இடத்தையும் பார்க்க வேண்டும் என்று கேட்க வேண்டும். சேர்த்த பிறகும், சொல்லாமல் வந்து பார்க்க உரிமை உண்டா என்று கேட்க வேண்டும். இயலாது, விதி இடந்தராது, மற்றவர்களுக்கு இடையூறு என்று பதில் வந்தால், வின்டர்போர்ன் வியூவின் பார்வையாளர் அறையில் அமர்த்தப்பட்ட பெற்றோருக்கும் ஏறத்தாழ அதே பதில்தான் சொல்லப்பட்டது என்பதை நினைவிற்கொண்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த இல்லத்தைப் பார்க்கப் புறப்படலாம்.